இரண்டிலிருந்து நாலு வரை பதில் இல்லை

"என் மேனேஜர் என்கிட்ட மரியாதையா நடந்துக்கறான்," என்றாள் யும்னா மஸல்லம். "எனக்கு பயமா இருக்கு."

உதட்டருகே போன காபிக் கோப்பையை வஜீஹ் அப்படியே நிறுத்தினான். துப்பறியும் நஜ்லா ஷர்தூனியிடம் உதவியாளனாகச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. காணாமல் போன கணவன், காணாமல் போன படகு, ஒரு தடவை காணாமல் போன மாமியார் என்று எல்லாம் பார்த்தாயிற்று. மாமியார் கேஸில் கட்சிக்காரரே பாதியில் வந்து, தேட வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மரியாதை கிடைத்துவிட்டது என்று புகார் கொடுத்த முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

"ஒரு வாரம் எங்க பாஸ்கிட்ட வேலை பாருங்க மேடம். அந்த பயம் ஜென்மத்துக்கும் வராது," என்றான்.

நஜ்லா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் இருந்தவள். எரிந்துபோன கிடங்கு எது, எரிக்கப்பட்ட கிடங்கு எது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். வாயைவிட அவள் விரல்கள்தான் அதிகம் பேசும். இப்போது மேஜையின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தன.

"முதல்லேர்ந்து சொல்லுங்க."

பெய்ரூட் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த யும்னாவின் ஆபீஸ் முழுக்க மாதுளைப் பாகின் புளிப்பு வாசனை. சுவர் அலமாரியில் ஜாடி ஜாடியாகப் பாகும், ஊறவைத்த கத்தரிக்காயும். ஒவ்வொரு லேபிளிலும் கொண்டை போட்ட ஒரு பெண்ணின் முகம், அடியில் 'வர்தா' என்று பெயர். யும்னாவின் அம்மா.

"ரஷாத் எங்க ஏற்றுமதி மேனேஜர். பதினோரு வருஷமா இருக்கான். போன செவ்வாய்க்கிழமை பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு துருக்கி போயிருக்கான், டிராப்சன் பக்கம் மலைக்கு. எங்க கம்பெனியில ஒரே ஒரு சட்டம்தான். எங்க வேணாலும் போ, நிலாவுக்குக்கூடப் போ. மெயிலுக்கு ஒரு மணி நேரத்துல பதில் வந்தாகணும்."

"நிலாவுக்குப் போனவங்க ஏன் மறுபடி போகலைன்னு இப்பத்தான் புரியுது," என்றான் வஜீஹ்.

"வஜீஹ்," என்றாள் நஜ்லா.

"காபி குடிக்கறேன் பாஸ்."

யும்னா ஒரு காகிதக் கட்டை எடுத்துப் போட்டாள். அறுபதை நெருங்கும் வயது. வெட்டிய குட்டை முடி. பேசும்போதும் ஒரு கண் கம்ப்யூட்டர் திரையிலேயே இருந்தது. "பதில் வருது. ஒரு மணி நேரத்துல இல்ல, நாலே நிமிஷத்துல வருது. ஆனா அவன் அம்மாவைக் கேட்டா, அந்த மலையில சிக்னலே கிடையாது, நானே அவன்கிட்ட பேசி அஞ்சு நாளாச்சுங்கறா. அவன் போனும் அணைஞ்சு கிடக்கு. அப்புறம் இதைப் பாருங்க. ரஷாத் எப்படி எழுதுவான் தெரியுமா?"

ஒரு பழைய மின்னஞ்சலைக் காட்டினாள். இங்கிலீஷ் எழுத்தில் அரபி. நடுநடுவே எழுத்துக்குப் பதில் மூன்றும் ஏழுமாக எண்கள். ஊரில் இருக்கிற பையன்கள் எல்லோரும் போனில் அப்படித்தான் எழுதுகிறார்கள். மொத்தம் மூன்று வார்த்தை: 'சரி நாளைக்கு பார்க்கலாம்.'

"இப்ப எழுதறது இது."

புது மின்னஞ்சல் சுத்த அரபியில் இருந்தது. எழுத்தின் தலையில் உட்காரவேண்டிய குட்டிக் குறிகள்கூட ஒன்று தவறாமல் உட்கார்ந்திருந்தன. 'தயவுசெய்து' என்று தொடங்கி, 'மதிய உணவு சாப்பிட்டீர்களா?' என்று முடிந்தது.

வஜீஹ் விசிலடித்தான். "கடத்தினவன் இலக்கண வாத்தியார் போலிருக்கு. ரஷாத்தைக் கட்டிப்போட்டுட்டு வினைச்சொல் சொல்லிக் கொடுக்கறான்."

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு," என்றாள் யும்னா. "நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நான் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும். மொன்ட்ரியால்ல ஒரு பெரிய கடைக்காரங்க. கனடா முழுக்க நூறு கடை, மூணு வருஷம், நம்ம ஜாடி போகும். வக்கீல் அரபி பிரதியைப் படிச்சுட்டு சரின்னுட்டார். இந்த ஆள் மட்டும் மூணு நாளா, கையெழுத்துப் போடாதீங்க, ஒன்பதாம் பிரிவைப் பாருங்கன்னு எழுதறான். பார்த்தேன். ஒண்ணுமே இல்ல. என் போட்டிக்காரன் எவனோ ரஷாத்தோட மெயிலுக்குள்ள புகுந்துட்டான். இல்லேன்னா ரஷாத்தே அவங்களுக்கு விலை போயிட்டான். நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் உங்களுக்கு டைம். அதுக்கப்புறம் போலீஸ். ரஷாத்துக்குப் பங்கு இருந்தா, விமான நிலையத்துலயே விலங்கு மாட்டட்டும்."

நஜ்லா காகிதங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். "நாற்பத்தொண்ணுன்னு போன்ல சொன்னீங்க. இங்க முப்பத்தொன்பதுதான் இருக்கு."

யும்னாவின் காது நுனி சிவந்தது. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினாள். பிறகு இழுப்பறையைத் திறந்து மடித்த இரண்டு தாளை எடுத்து நீட்டினாள்.

ஒன்று அவள் எழுதியது. கப்பல் சரக்கு பற்றி ஒரு பக்கம். கடைசியில் ஒரு வரி: 'இன்றைக்கு ரொம்பச் சோர்வாக இருக்கிறது ரஷாத். ஆபீசை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடலாம் போல் இருக்கிறது.' இரண்டாவது, அதற்கு வந்த பதில்: 'போய் வாருங்கள். கடல் ஓடிவிடாது. ஆனால் கோடை ஓடிவிடும்.'

"இதை ஏன் எழுதினேன்னு எனக்கே தெரியலை," என்றாள் யும்னா. "நல்லாப் பேசற ஒருத்தன் ரெண்டு நாள் பதில் போட்டான்னா வாய் தானா வந்துடுது. அதான் பயமா இருக்கு. இவன் திறமைசாலி."

வஜீஹுக்கு வாயில் ஒரு கிண்டல் வந்தது. ஏனோ அதை விழுங்கிவிட்டான்.

"இப்ப ஒரு மெயில் போடுங்க," என்றாள் நஜ்லா. "ஒன்பதாம் பிரிவுல என்ன தப்புன்னு விவரமாக் கேளுங்க."

யும்னா தட்டினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று ஐம்பத்து மூன்று. மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று ஐம்பத்தேழுக்கு 'டிங்' என்றது.

'அது நீண்ட விஷயம். தயவுசெய்து அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மீதியை நாலு மணிக்கு எழுதுகிறேன்.'

நஜ்லாவின் விரல்கள் நின்றுவிட்டன.

இரண்டு பத்துக்கு யும்னாவின் கைபேசி ஒலித்தது. பார்த்துவிட்டு அமுக்கினாள். "வீட்டுக்காரர். அப்புறம் பேசிக்கலாம்." இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஒலித்தது. மறுபடி அமுக்கினாள்.

நஜ்லா காகிதக் கட்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

*

வஜீஹின் பழைய மெர்சிடிஸ் கிளம்பும்போது எப்போதும் ஒரு இருமல் இருமும். அவன் அப்பா டாக்சி ஓட்டிய வண்டி. இருமிக் கிளம்பியதும் அவன் ஆரம்பித்தான்.

"பாஸ், என் கருத்து என்னன்னா, ரஷாத் துருக்கிக்கே போகலை. இங்கயே எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டு—"

"ரஷாத்துக்கு அந்தக் குட்டிக் குறியெல்லாம் போடத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கே தெரியாது."

"அப்ப அது ரஷாத் இல்ல. இந்த நேரத்தையெல்லாம் படி."

சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்ட வரிசையில் நின்றபடி வஜீஹ் தாள்களைப் புரட்டினான். காலை எட்டு ஐந்து. ஒன்பது இருபது. பதினொன்று. ஒன்று நாற்பது. பிறகு நாலு இரண்டு. அடுத்த நாள் ஒன்று ஐம்பத்தெட்டு. பிறகு நாலு ஒன்று. ஆறு நாளிலும் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் ஒரு மின்னஞ்சல்கூடக் கிடையாது.

"மத்தியானத் தூக்கம்," என்றான். "நியாயமான ஆள். எனக்குப் பிடிச்சிருக்கு."

"தூங்கப் போறவன் மீதியை நாலு மணிக்கு எழுதறேன்னு நேரம் குறிப்பானா? ஒருநாள் மூணே முக்காலுக்கு முழிப்பு வராதா? நாலு மணின்னா நாலு மணிதான் இந்த ஆளுக்கு. ஆறு நாளா ஒரு நிமிஷம் முந்தலை."

பின்னாலிருந்த வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான். வஜீஹ் வண்டியை நகர்த்தவில்லை. அவனுக்கு மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது. தன் வீட்டில் காலை பத்து மணிக்கு மனைவி, "சட்டையைத் தேய்க்கணும்னா இப்பவே தேய்ச்சுக்கோ, பன்னிரண்டுக்குப் போயிடும்" என்று கத்துவது காதில் விழுந்தது.

"கரன்ட்! ஜெனரேட்டருக்கு ஓய்வு கொடுக்கற நேரம்!" பெய்ரூட்டில் சர்க்கார் கரன்ட் பெயருக்குத்தான்; பேட்டைக்குப் பேட்டை ஒருவர் ஜெனரேட்டர் வைத்து, சந்தா வாங்கிக்கொண்டு வீடுகளுக்குக் கரன்ட் விடுவார்.

"துருக்கி மலையில ஏதுடா ஜெனரேட்டருக்கு மத்தியான ஓய்வு? நம்ம ஊர் ஆள்தான். நம்ம ஊர்லயே, ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் மெஷினை அணைக்கற பேட்டையில இருக்கான்."

"அடேயப்பா. ஊர்ல எத்தனை ஜெனரேட்டர் இருக்கு தெரியுமா பாஸ்? ஒவ்வொருத்தன் கதவா தட்டினா அடுத்த கோடை வந்துடும்."

"வியாழக்கிழமையைப் பாரு."

பார்த்தான். வியாழக்கிழமை மட்டும் நாலு மணிக்கு மின்னஞ்சல் இல்லை. ஐந்து இருபத்து மூன்றுக்குத்தான் வந்திருந்தது. 'தாமதத்துக்கு மன்னிக்கவும்.'

"அன்னிக்கு மெஷின் கெட்டிருக்கு," என்றான் வஜீஹ், மந்திரம் சொல்கிறவன் போல. "கெட்ட மெஷினுக்கு வைத்தியர் யாரு?"

"போன் போடு."

புர்ஜ் ஹம்மூதில் பட்டறை வைத்திருக்கும் ஹகோப்புக்கு ஊரில் பாதி ஜெனரேட்டர்களின் வயிற்று வலி அத்துப்படி. வஜீஹ் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது.

"வியாழக்கிழமை நாலு மணியா? கெய்த்தாவி பேட்டை அபு மிலாத்! நாலு மணிக்கு ஸ்டார்ட் பண்ணான், பெல்ட் பட்டுன்னு அறுந்துது. நான் போய் மாட்டறதுக்குள்ள தெருவே அவனைக் கட்டிவச்சு அடிக்க ரெடியா நின்னுது. ஏன், நீயும் அடிக்கப் போறியா? என் சார்பா ரெண்டு போடு."

*

அபு மிலாத்தின் தகரக் கொட்டகையில் இயந்திரம் குளிர்ந்துகொண்டிருந்தது. அவர் அதன் நிழலில் நாற்காலி போட்டு, வெள்ளரிக்காயை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். பெருத்த உடம்பு, மீசை அதைவிடப் பெருசு.

"சந்தா லிஸ்ட்டா? என் லிஸ்ட்டும் பாதிரியார் காதும் ஒண்ணு. உள்ள போனது வெளிய வராது."

வஜீஹ் குரலைத் தாழ்த்தினான். "அபு மிலாத் அண்ணே, இது ரகசியப் போலீஸ் விவகாரம்—"

"ரகசியப் போலீஸ்காரங்க எல்லாரும் என் சந்தாக்காரங்கதான். உன் மூஞ்சி அதுல இல்ல."

நஜ்லா ஒரு காலி டீசல் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். "லிஸ்ட் வேண்டாம் அபு மிலாத். வியாழக்கிழமை பெல்ட் அறுந்தப்ப, யார் யார் உங்களை எப்படித் திட்டினாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அபு மிலாத்தின் கண் நனைந்தது. இத்தனை வருஷத் தொழிலில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலும். ஒரு வெள்ளரிக்காயை அவளிடம் நீட்டினார்.

"மூணாம் நம்பர் பல் டாக்டர் எங்க அப்பாவையும் தாத்தாவையும் ஒரே மூச்சுல திட்டினான். அந்த சலூன்காரி இருக்காளே, பாதித் தலைக்குச் சாயம் போட்ட கஸ்டமரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து என் முன்னாடி நிறுத்தி, இதுக்கு என்ன பதில்ங்கறா. நான் என்ன பதில் சொல்ல? அந்தப் பொம்பளை அழறா. கறிக்கடைக்காரன் கத்தியோட வந்தான், மறந்துபோய் எடுத்துட்டு வந்தேன்னு அப்புறம் சொன்னான்."

"திட்டாதவங்க யாராவது?"

"ஒருத்தர்." அபு மிலாத் யோசித்தார். "அவர்தான் எனக்குக் கஷ்டமாப் போச்சு. ஆறு மாடி இறங்கி வந்தார். 'தயவுசெய்து எப்ப வரும்னு சொல்ல முடியுமா'ன்னார். மறுபடி ஏறிப் போனார். மறுபடி வந்தார், மறுபடி தயவுசெய்து. மூணு தடவை! என் தொழில்ல அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லம்மா. திட்டினவங்களையெல்லாம் மறந்துட்டேன், அவர் முகத்தை மறக்க முடியலை. நாலு மணிக்கு ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்னு சொல்லிச் சொல்லிப் பதறினார்."

வஜீஹ் தலைவியைப் பார்த்தான். அவள் வெள்ளரிக்காயைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"யார் அவர்?"

"உஸ்தாஸ் நஸீப். அதோ, அந்த மஞ்சள் கட்டடம், ஆறாம் மாடி. கோர்ட்ல மொழிபெயர்ப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவர். படிச்ச மனுஷன், அதான் தெருவே உஸ்தாஸ்னு மரியாதையாக் கூப்பிடுது. வீட்ல தனியாத்தான் இருப்பார். பொண்டாட்டி உண்டுன்னு கேள்வி, நான் பார்த்ததில்ல. காலைல நான் இங்க வர்றதுக்கு முன்னாடி வேலைக்குப் போயிடுவாங்களாம். ராத்திரி நான் வீட்டுக்குப் போனப்புறம்தான் வருவாங்களாம்."

நஜ்லா சட்டென்று எழுந்துவிட்டாள்.

*

லிஃப்ட் நடுமாடியில் எங்கோ செத்துக் கிடந்தது. வஜீஹ் ஏறினான். மூன்றாம் மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நஜ்லாவும் நின்று, யாரையோ போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசி வைத்தாள்.

"போட்டிக்காரன் ஒரு ரிட்டயர் ஆன மொழிபெயர்ப்பாளரை வாடகைக்குப் பிடிச்சிருக்கான்," என்றான் வஜீஹ் மூச்சுவாங்க. "ஒப்பந்தம் படிக்கத் தெரிஞ்ச கிழம். இனிக்க இனிக்க எழுதி மேடத்தோட மனசைக் கரைக்கற கிழம். உள்ள ரஷாத் நாற்காலியில கட்டிக் கிடப்பான் பாருங்க. நான் கதவை உடைக்கட்டுமா?"

"முதல்ல ஆறாம் மாடிக்கு வா."

வந்தான். கதவில் பித்தளைப் பலகை, புதிதாகத் துடைத்தது போல் மின்னியது. வஜீஹ் படித்தான். மறுபடி படித்தான்.

'நஸீப் மஸல்லம். சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர்.'

"பாஸ்... மஸல்லம்னா... நம்ம மேடம் யும்னா..."

"முதல்ல மூச்சு வாங்கிக்கோ. அப்புறம் ஆச்சரியப்படலாம்."

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பொண்டாட்டியை யாருமே பார்த்ததில்லைன்னு அபு மிலாத் சொன்னப்ப. அந்த அம்மாவுக்கு ரெண்டு பத்துக்குப் போன் வந்துதே, ஞாபகம் இருக்கா? கரன்ட் போனா மெயில் போகாது. போன் போகும்."

படிக்கட்டில் பேசியது உள்ளே கேட்டிருக்க வேண்டும்; தட்டுவதற்கு முன் கதவு திறந்தது. ஒல்லியான மனிதர், அறுபத்தைந்து வயதிருக்கும். தேய்த்த சட்டை, நெற்றிமேல் தூக்கிவிட்ட கண்ணாடி, கையில் பொத்தான் வைத்த பழைய போன்.

"ரஷாத் நல்லா இருக்கான்," என்றார் முதல் வார்த்தையாக. "அவனைத் தேடித்தானே வந்திருக்கீங்க? உள்ள வாங்க. தயவுசெய்து."

உள்ளே கட்டிப் போட்டவர்கள் யாரும் இல்லை. ஜன்னலோரம் ஒரு மேஜை, அணைந்து கிடக்கும் பழைய கம்ப்யூட்டர், பிரெஞ்சு அகராதி, பென்சில் கோடுகள் போட்ட ஒரு ஒப்பந்தம்.

"சனிக்கிழமை சனிக்கிழமை ரஷாத்தும் நானும் தாயம் உருட்டுவோம்," என்றார் நஸீப். "அவனுக்குக் கல்யாணம் ஆகி பதினஞ்சு வருஷம். ஒரு பயணம் போனதில்ல. ரெண்டு தடவை லீவு கேட்டான், யும்னா தரலை. மூணாவது தடவை, போ, ஆனா மெயிலுக்குப் பதில் போடணும்னுட்டா. அவன் பொண்டாட்டி, மலையில நீ அந்தப் போனைத் தொட்டா நான் தனியா இறங்கி எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னுட்டா. பையன் என் எதிர்ல உட்கார்ந்து அழுதான். நான் சொன்னேன், பாஸ்வேர்டைக் கொடுடா, பத்து நாள்தானே. எனக்கு வேற என்ன வேலை?"

"அவர் மாதிரியே எழுதியிருக்கலாமே," என்றான் வஜீஹ்.

"முயற்சி பண்ணேன். எழுத்துக்கு நடுவுல ஏழாம் நம்பரைப் போட எனக்குக் கை வரலை." அவர் வெட்கத்தோடு சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே போய்விட்டது. "முதல் நாள் மூணு மெயில் வந்துது. ரெண்டாம் நாள் எட்டு. 'நான் சொல்றது சரியா ரஷாத்?'னு கேக்கறா. 'உனக்கு என்ன தோணுது?'ங்கறா. சோர்வா இருக்குன்னு எழுதறா. அவளுக்குச் சோர்வு வரும்னே எனக்குத் தெரியாதும்மா. வீட்டுக்கு வந்தா சாவியை வைப்பா, தூங்கிடுவா. நான் நிறுத்தியிருக்கணும். நாலு மணி எப்ப ஆகும்னு காத்துக்கிட்டிருக்க ஆரம்பிச்சுட்டேன்."

"ஒன்பதாம் பிரிவைப் பத்தி நேர்ல சொல்லியிருக்கலாமே உஸ்தாஸ்," என்றாள் நஜ்லா.

"சொன்னேனே. வெள்ளிக்கிழமை, வாசல்லயே. 'நஸீப், தூக்கம் வருது, நாளைக்கு'ன்னா. அதையே ரஷாத் பேர்ல எழுதினேன். நாலு பக்கம் பதில் வந்துது. இன்னிக்கு எல்லாத்தையும் ஒப்புக்கலாம்னு போன் பண்ணேன். ரெண்டு தடவையும் வெட்டிட்டா."

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறும் சத்தம். திறந்த கதவில் யும்னா மஸல்லம் வந்து நின்றாள். காலணி இரண்டும் கையில் இருந்தன.

"லிஃப்ட் ஏன் வேலை செய்யலை?" என்றாள்.

"ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் கரன்ட் இருக்காது," என்றார் நஸீப்.

"எப்பலேர்ந்து?"

"மூணு வருஷமா."

யும்னா கணவனைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். ஒப்பந்தத்தின் மேல் பென்சில் கோடுகளைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிற்று. முதலில் வந்தது கோபம்தான்.

"என் மெயிலையா படிச்சே?"

"நீதானே எனக்கு எழுதினே. இருபது தடவைக்கு மேல."

"ரஷாத்துக்கு எழுதினேன்!"

"ஆமா. அவன் படிச்சிருந்தா 'சரி நாளைக்கு'ன்னு பதில் போட்டிருப்பான்."

வஜீஹ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமியாரைத் தேடிய கேஸில்கூட இவ்வளவு சங்கடமாக இருந்ததில்லை. யும்னா காலணிகளைக் கீழே போட்டாள். ஒன்று உருண்டு சோபாவுக்கடியில் போனது.

"அவனை வேலையை விட்டுத் தூக்கறேன். உன்னை என்ன செய்யறதுன்னு அப்புறம் யோசிக்கறேன். அந்த ஒன்பதாம் பிரிவு, அதாவது நிஜமா? இல்ல, அதுவும் விளையாட்டா?"

நஸீப் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார். இப்போது அவர் முகமே மாறிவிட்டது. முப்பது வருஷம் நீதிமன்றத்தில் நின்று படித்த மனிதரின் முகம் அது. ஒப்பந்தத்தைப் பக்கம் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

"வக்கீல் அரபியைப் படிச்சார். அரபியில, மூணு வருஷம் 'வர்தா'ங்கற பேரை உபயோகிக்கலாம்னு இருக்கு. பிரெஞ்சுல உபயோகிக்கலாம்னு இல்ல, எடுத்துக்கலாம்னு இருக்கு. மூணு வருஷம்ங்கற வார்த்தையே இல்ல. கடைசிப் பக்கத்துல பாரு, ரெண்டுக்கும் முரண் வந்தா பிரெஞ்சுதான் செல்லும்னு போட்டிருக்கு. நாளைக்கு நீ கையெழுத்துப் போட்டா உன் அம்மா பேரும் முகமும் அவங்க சொத்து. மூணு வருஷம் கழிச்சு, உன் பாகையே நீ வேற பேர் ஒட்டித்தான் விக்கணும்."

யும்னா பிரெஞ்சு வரியின் மேல் விரல் வைத்துப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தாள். கீழே தெருவில் பழக்காரன் அத்திப்பழத்தைக் கூவிக்கொண்டு போனான்.

"இதை ரஷாத் கண்டுபிடிச்சிருப்பானா?" என்றாள் கடைசியில்.

"அவனுக்கு பிரெஞ்சு தெரியாதே."

"அப்ப அவன் மெயிலுக்கு ஒழுங்கா அவனே பதில் போட்டிருந்தா..."

"போட்டிருந்தா நாளைக்குக் கையெழுத்து ஆகியிருக்கும்," என்றாள் நஜ்லா.

யும்னா கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து ஆபீசைக் கூப்பிட்டாள். "மொன்ட்ரியாலுக்குச் சொல்லிடு, நாளைக்குக் கையெழுத்து இல்ல. ஒன்பதாம் பிரிவை அடிச்சுட்டு வந்தாப் பேசலாம். ஆமா, நான்தான் சொல்றேன். கோபப்பட்டா படட்டும். அப்புறம், ரஷாத் வர்ற வரைக்கும் யாரும் அவனுக்கு மெயில் அனுப்பக் கூடாது. ஒண்ணுகூட. ஏன்னா கேக்கறே? அவன் லீவுல இருக்கான்." வைத்துவிட்டு, நஜ்லா பக்கம் திரும்பினாள். "போலீஸ் வேண்டாம்."

அதே நேரம் கீழேயிருந்து ஒரு உறுமல் எழுந்தது. குளிர்சாதனப் பெட்டி நடுங்கிக்கொண்டு விழித்தது. மேஜைமேல் கம்ப்யூட்டர் கண் சிமிட்டியது. மணி நாலு. ஆறு நாள் பழக்கம். நஸீப் தன்னையறியாமல் எழுந்து மேஜைப் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறே?" என்றாள் யும்னா.

"மீதியை எழுதணுமே. இன்னும் பதினோராம் பிரிவு இருக்கு."

"எழுத வேண்டாம். இங்க உட்காரு. சொல்லு."

நஜ்லா வஜீஹின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

லிஃப்ட் ஓடியும் வஜீஹ் படியிலேயே இறங்கினான். அவனுக்கு ஏதோ யோசனை. இரண்டாம் மாடியில் மனைவியைக் கூப்பிட்டான். "ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன். குடிக்கலை. நிஜமா குடிக்கலை. சும்மா கூப்பிடக் கூடாதா?"

தெருவுக்கு வந்தபோது ஆறாம் மாடி ஜன்னலிலிருந்து குரல்கள் கொட்டிக்கொண்டிருந்தன. "அதை ஏன் நீ முன்னாடியே சொல்லலை?" என்று ஒரு பெண் குரல். "சொல்ல விட்டியா நீ?" என்று ஒரு ஆண் குரல், கொஞ்சமும் மரியாதை இல்லாமல். பிறகு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. நடுவில் ஒரு சிரிப்பு வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது.

அபு மிலாத் கொட்டகைக்கு வெளியே வந்து, கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உஸ்தாஸ் வீட்லயா இந்தச் சத்தம்? கொலை விழுந்துடப் போகுதும்மா. நான் போய் விலக்கி விடட்டுமா?"

நஜ்லா காருக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"போகாதீங்க அபு மிலாத். புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கிட்டிருக்காங்க."